தட்டு அண்ணன்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டிக் குடியிருந்துகொண்டு ஒருவர் இசைத்தட்டு சேர்க்கிறார் என்றால், அவருக்கு அசாத்தியத் துணிச்சல் இருக்க வேண்டும்; இல்லையென்றால் வீட்டில் சொன்னதைக் காதில் வாங்கும் பழக்கம் இல்லாதிருக்க வேண்டும். திருவொற்றியூர் தட்டு அண்ணனுக்கு இரண்டு தகுதியும் உண்டு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று வாசலைக் கடந்தால் ஊசி எகிறி வேறு பாட்டில் போய் உட்காரும். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்கிறது. காலையில் துடைத்த மேசைமேல் மத்தியானம் விரலால் கையெழுத்துப் போடலாம், அவ்வளவு தூசி.

சேர்ப்பதும் ஏ.எம். ராஜா, சி.எஸ். ஜெயராமன் என்றிருந்தால் தெருவில் நாலு பேர் மதிப்பார்கள். அண்ணனுக்கு ஜார்ஜ் ஹாரிசன்தான் வேண்டும். அதிலும் பீட்டில்ஸோடு சேர்ந்து வாசித்தது ஆகாது; தனியாகப் போட்டதாக இருக்க வேண்டும். தனியாகப் போட்டதிலும் கொஞ்சம் பிரதி அச்சடித்து நிறுத்திவிட்டதாக இருக்க வேண்டும். "பீட்டில்ஸ் எல்லார் வூட்லயும் கீதுபா" என்பார், லாரித் தண்ணீரைப் பற்றிச் சொல்வதுபோல.

வேலை பாரிமுனையில், ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில். ஷூ டப்பாவிலும் ஹேண்ட்பேகிலும் போட்டு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஆபீஸ் பையன் முதல் குடோன் வாட்ச்மேன் வரை அண்ணனுக்கென்று எடுத்து வைத்துவிடுவார்கள். உறைக்கு இரண்டு பொட்டலம் கணக்கு. ஊர் சரக்கையெல்லாம் விடுவித்துக் கொடுப்பவரின் சொந்தப் பார்சல் மட்டும் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். "பழைய தட்டுக்கா இவ்ளோ விலை?" என்று எந்த அதிகாரியாவது கேட்டுவிட்டால் போதும், அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு 1968-லிருந்து ஆரம்பிப்பார். அதற்குப் பயந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள் என்பது ஆபீஸ் வட்டாரப் பேச்சு.

ஏப்ரல் வந்தால் வீட்டில் நெருக்கடி. 2008-இல் தொடங்கிய 'ரெக்கார்ட் ஸ்டோர் டே' பெரும்பாலும் அந்த மாதத்து மூன்றாவது சனிக்கிழமை வரும். அன்றைக்கென்றே அச்சடித்த தட்டுகள் கடைக்கு வரும். முன்பதிவு கிடையாது, ஆளுக்கு ஒன்றுதான், வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும். லண்டனுக்குப் படிக்கப் போன அக்கா மகன் விடியற்காலைக் குளிரில் நிற்பான். படிப்புக்கு உதவிய மாமன், மறுக்க முடியாது. இங்கே காசிமேட்டில் ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடை. வஞ்சிரம் விலை ஏறிக்கொண்டே போகும். "மீன் கேட்டா துட்டு இல்லன்றே. வட்டமா எதுனா வந்தா மட்டும் எங்கேர்ந்து வருது?" என்று அண்ணி கேட்பது இந்த அறுபத்தொரு நாளில்தான் அதிகம்.

2024 ஏப்ரலில் இரண்டு தட்டுகள் வந்தன, சுழலும்போது மேலே அச்சடித்த படம் அசைகிற மாதிரி. ஒன்று 'எலக்ட்ரானிக் சவுண்ட்'. 1969-இல் ஹாரிசன் மூக் சிந்தசைசரை வைத்துக்கொண்டு எழுப்பிய ஓசைகள், பக்கத்துக்கு ஒரே உருப்படி. மெட்டு, தாளம் என்றெல்லாம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. அண்ணன் கண்ணை மூடி லயித்திருக்கையில் கீழ்வீட்டுக்காரர் ஸ்பானரோடு மாடியேறி வந்துவிட்டார்: "அண்ணே, மோட்டார்ல காத்து பூந்துக்கிச்சு. ஆஃப் பண்ணு, காயில் பூடும்!"

மற்றது 'வொண்டர்வால் மியூசிக்'. 1968-இல் வந்தது, பீட்டில்ஸ் ஆட்களில் ஒருவர் தனியாகப் போட்ட முதல் ஆல்பம் அதுதான். பாதியை அந்த ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். சந்தூரில் சிவகுமார் சர்மா, சரோத்தில் ஆஷிஷ் கான். ஸ்டூடியோவில் ஒலித்தடுப்பு சரியில்லாமல் தெருச்சத்தம் உள்ளே வரும். இந்த ஒரு தகவல் அண்ணனுக்கு வாழ்நாள் முழுமைக்கும் போதும். தட்டு ஓடும்போது வெளியே லாரி ஹாரன் அடித்தால் விருந்தாளியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார்: "சொல்லு பாப்போம், இது பம்பாயா, எண்ணூரா?" நான் இரண்டு தடவையும் பம்பாய் என்றுதான் சொன்னேன். காபி சீக்கிரம் வரும்.

இப்போது அவர் கண் வேறொன்றின்மேல். 1970-இல் மூன்று தட்டாக வந்த 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்துக்கு ஐம்பதாண்டு நிறைவென்று 2021-இல் ஒரு மரப்பெட்டி விட்டார்கள். எட்டுத் தட்டு, ஐந்து சி.டி., அட்டைப்படத்தில் ஹாரிசனைச் சுற்றியிருக்கும் குள்ளர் பொம்மைகளின் நகல், போதாததற்கு அவர் வீட்டுத் தோட்டத்து ஓக் மரத்தில் செய்த ஒரு புத்தகக் குறி. விலை ஆயிரம் டாலரை ஒட்டி. அண்ணன் போன ஞாயிற்றுக்கிழமை இஞ்சு டேப்போடு பரண்மேல் ஏறி, இட்லி குண்டானை நகர்த்தி அளந்துகொண்டிருந்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மரத்துண்டு எதுக்கு?" என்றார்.

"படிக்கிற புக்குல அடையாளம் வெக்க."

"இந்த வூட்ல கீற ஒரே புக்கு பேங்க் பாஸ்புக்கு. அத வாங்குனா அதுவும் வேணாம், தூக்கிப் போட்ரலாம். எறங்கு."

அண்ணன் மேலேயே உட்கார்ந்து உயரத்தையும் அளந்தார்.