பிள்ளையின் சோர்வைக் கண்டுகொள்ளாமல் இருக்கச் சில எளிய வழிகள்

மூன்று வயதுப் பிள்ளை. பார்க்கில் சறுக்குமரத்தில் இரண்டு தரம் ஏறிவிட்டு மூன்றாவது தரம் உங்கள் மடிக்கு வந்துவிடுகிறது. மாடிப்படியில் பாதி ஏறியதும் 'தூக்கு' என்று கையை நீட்டுகிறது. மத்தியானம் தூங்கி எழுந்த பிறகும் சோபாவில் சாய்ந்தே கிடக்கிறது. இந்த நிலைமை மாதக்கணக்கில் நீடிக்க வேண்டுமென்றால் வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

முதல் வேலை, பெயர் வைப்பது. ஓடாத, கத்தாத, பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை உடைக்காத பிள்ளைக்கு 'சமத்து' என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்தும். பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் அதே பிள்ளையை 'சோம்பேறி' ஆக்கிவிடலாம். அம்மா மறுபடி உண்டாகியிருந்தால் 'சவலை பாஞ்சிருக்கு' என்று பாட்டி தீர்ப்பெழுதிவிடுவார். எதுவும் பொருந்தாவிட்டால் இருக்கவே இருக்கிறது திருஷ்டி. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுங்கள்; நெடி வராவிட்டால் கண்ணு பட்டது உறுதி. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று மட்டும் அந்த அடுப்பு சொல்லாது.

யாராவது சந்தேகமாகப் பார்த்தால், 'இந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாமே இப்படித்தான்' என்று சொல்லுங்கள். இதில் பாதிக்கு மேல் உண்மையும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் 67. தெருவில் பாதிப் பிள்ளைகள் வெளுத்திருந்தால் நம் வீட்டுப் பிள்ளை வெளுத்திருப்பது கண்ணில் படவே படாது. இந்த வழிகாட்டியின் வெற்றி முழுக்க இந்த ஒரு வசதியை நம்பித்தான் இருக்கிறது.

அடுத்தது பால். இதில் தாராளமாக இருங்கள். சோறு வேண்டாம் என்றால் பால், அழுதால் பால், தூங்க வைக்கப் பால். நாளொன்றுக்கு அரை லிட்டரைத் தாண்டிவிட்டால் வேலை பாதி முடிந்தது. வயிறு நிரம்பிவிடும், சாப்பாடு இறங்காது. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து, மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஒரு பிள்ளைக்குத் தினம் 8 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. ஒரு லிட்டர் பசும்பாலில் இருப்பது ஏறக்குறைய அரை மில்லிகிராம். பாலிலேயே சமாளிப்பதாக முடிவு செய்தால் தினம் முப்பத்திரண்டு அரை லிட்டர் பாக்கெட் வாங்க வேண்டும். பால்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வெறும் பால் போதாது என்று தோன்றினால் டப்பாப் பவுடர் ஒன்றைக் கலக்குங்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலிலிருந்து எடுக்கும்படி இணைய விற்பனைத் தளங்களிடம் சொன்னது. அதனால் என்ன, டப்பாவோடு டம்ளர் இலவசமாகக் கிடைத்தால் சரி.

சாயங்காலம் டீ. தாத்தாவின் டம்ளரில் பிஸ்கெட்டை முக்கி, அது உடைந்து அடியில் போனதும் ஸ்பூனால் எடுத்து ஊட்டும் காட்சி பார்க்க அழகாகத்தான் இருக்கும். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான டானின், கூடவே சாப்பிடும் உணவின் இரும்பைச் சேரவிடாது என்பதெல்லாம் அந்த நேரத்தில் பேசுகிற பேச்சா? முருங்கைக்கீரைச் சோற்றில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிவது, ஒரு துண்டு கொய்யா தருவது, ஞாயிற்றுக்கிழமை ஈரலையோ சுவரொட்டியையோ மசித்துக் கொடுப்பது போன்ற கெட்ட பழக்கங்களை அறவே தவிருங்கள். இரும்பு உடம்பில் ஏறிவிடும்.

பிள்ளை சிலேட்டுக் குச்சியைக் கடித்துத் தின்கிறதா? வாயோரம் வெள்ளைப் பொடி, சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தில் சின்ன நகக்கீறல், அரிசி டப்பா மூடி எப்போதும் திறந்தே கிடக்கிறதா? முதுகில் ஒன்று வைத்து, குச்சியை அலமாரி மேல் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மண்ணும் பச்சரிசியும் கேட்டு அலைவது இரும்புக் குறைவின் பழைய அடையாளம் என்று எந்த டாக்டரும் சொல்வார். அதற்காகத்தான் டாக்டரிடம் போகக் கூடாது என்கிறேன்.

அரசாங்கம் ஒரு தொல்லை. வாரத்துக்கு இரண்டு முறை ஒரு மில்லி வீதம் கொடுக்கச் சொல்லி இரும்பு, ஃபோலிக் அமில சிரப் பாட்டிலைக் கையில் திணித்துவிடுகிறார்கள். அதை ஃபிரிட்ஜ் மேல், கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பின்னால் வையுங்கள். தவறிப்போய் இரண்டு நாள் கொடுத்துவிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அது சாதாரணம்தான், ஆனால் நிறுத்த நல்ல சாக்கு. டாக்டரே ரத்தசோகை என்று மருந்து எழுதிக் கொடுத்திருந்தால், முகம் தெளிந்த மறுநாளே நிறுத்துங்கள். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் இரும்புக் கையிருப்பு நிரம்பும். கையிருப்பு எதற்கு? ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடியில் பூச்சி மாத்திரை தரும் நாளில் ஊருக்குப் போய்விடுங்கள். குடலில் தொற்றி ரத்தம் குடிக்கிற கொக்கிப்புழுவுக்கும் ஒரு வீடு வேண்டாமா? செருப்பில்லாமல் மண்ணில் விளையாட விட்டால் காலைத் துளைத்துக்கொண்டு அதுவே வந்துசேரும்.

ரத்தம் சரியாக இருந்தும் சோர்வு வரலாம் என்பதால் இரவையும் கவனித்துக்கொள்ளுங்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து மணி நேரமாவது தூக்கம் வேண்டும். சீரியல் முடிய மணி பத்தரை ஆகிவிடும். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டால் 'அப்பாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு' என்று சிரியுங்கள். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம், தைராய்டு குறைந்திருக்கலாம் என்றெல்லாம் யோசித்தால் உங்கள் தூக்கம் கெடும்.

கிண்டலைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன். தாகமும் சிறுநீரும் திடீரென்று கூடி எடை குறைந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, அடிபடாமலே உடம்பில் கன்றிப்போன தடம் தெரிந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதில் விளையாட வேண்டாம்.

மற்றபடி டாக்டரிடம் போக நேர்ந்தால் சளி என்று மட்டும் சொல்லுங்கள். அவர் பிள்ளையின் கீழிமையை விரலால் இழுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதுவார். 'ஏற்கெனவே ரத்தம் இல்லேங்கறீங்க, அதுலயும் எடுக்கணுமா?' என்று பாட்டியைக் கேட்கச் சொல்லுங்கள். அதையும் மீறி எடுத்து, ஹீமோகுளோபின் பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழரை என்று ரிப்போர்ட் வந்தால், 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்ல வீட்டில் மூன்று பேராவது தயாராக இருப்பார்கள். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.