சித்திரையில் வற்றாத தண்ணீர்

சென்னை எங்கே தொடங்குகிறது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது திருவள்ளுவர் பஸ் பாரிமுனையில் இறக்கிவிடும். இறங்கிய இடத்திலேயே ஐகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்கள் தெரியும். கொஞ்சம் நடந்தால் துறைமுகம். 2002-இல் கோயம்பேடு பஸ் நிலையம் வந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தைத் திறந்தார்கள். இப்போது சிவகாசியில் ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை இறங்குகிற இடம் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் பக்கம். கடற்கரைக்கு அங்கிருந்து இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். தூங்கி வழிகிற பிள்ளையை ஒரு தோளிலும் பையை மறு தோளிலும் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு அது சின்னத் தூரம் இல்லை.

சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் திருத்தங்கலில் சின்னப் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போவது என்றால் அந்த நாளில் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் மலைப்படிதான். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி. கையில் காசு இருந்த வருஷம் குற்றாலம். சென்னைக்குக் குழந்தைகளோடு போவது தொழில் நிமித்தம் நடந்தால்தான் உண்டு. அப்பா சிவகாசியில் ஒரு லித்தோ பிரஸ்ஸில் இருந்தார். காலண்டர், லேபிள் அச்சடித்துக் கொடுத்த கடைகளில் பாக்கி வசூல் பண்ண வருஷா வருஷம் மே மாதம் அவரை அனுப்புவார்கள். 1981-இல் என்னையும் தங்கையையும் கூட்டிப் போனார். கொல்லம் மெயில், மீட்டர் கேஜ். விடிந்ததும் எழும்பூர்.

அன்றைக்குச் சென்னையைச் சின்னக் கால்களால் நடந்தே பார்க்க முடிந்தது. எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து பாந்தியன் சாலை அருங்காட்சியகம் பக்கம். ஊருக்கு வருகிறவர்களுக்கு அது ‘செத்த காலேஜ்’. திமிங்கல எலும்புக்கூட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு ‘உயிர்க் காலேஜ்’ போனோம். மிருகக்காட்சி சாலை அப்போது சென்ட்ரல் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. அந்த மிருகக்காட்சி சாலை 1855-இல் பிறந்ததே அருங்காட்சியக வளாகத்துக்குள்தான் என்பதை ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்டேன். செத்ததும் உயிரும் ஒரே காம்பவுண்டில் இருந்திருக்கின்றன! கூண்டுகள் சின்னவை, மிருகங்கள் பாவம். 1985-இல் அவற்றை வண்டலூர்க் காட்டுக்குக் கொண்டுபோனது நியாயமான காரியம். இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. அதே 1985 மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட்டும் எரிந்து போனது. பிள்ளைகளோடு அரைநாள் சுற்ற இருந்த ஒரு மூலையே ஒரே வருஷத்தில் இல்லாமல் போய்விட்டது.

சாயங்காலம் மெரினா. கலங்கரை விளக்கம் திறந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அதில் லிஃப்ட் உண்டு. வாழ்க்கையில் முதல் லிஃப்ட், அதுவும் கடலுக்கு மேலே. கீழே இறங்கி மணலில் உட்கார்ந்து சுண்டல் வாங்கினோம். விற்றவர் இருட்டத் தொடங்கியதும் பெட்ரோமாக்ஸை ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தார். அப்பா அதைக் கேட்டு வாங்கி, லேபிளைத் திருப்பிப் பார்த்து, “நம்ம ஊரு” என்றார். அவர் குரலில் அவ்வளவு பெருமை. எனக்கும்தான்.

அந்தப் பெட்டியை ஒட்டியது யார் என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அத்தை மகள், எனக்கு மதினி முறை. அப்போது அவளுக்குப் பதினொரு வயது இருக்கும். அத்தை வீட்டில் மாமா படுத்த படுக்கை. ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள். விடியும் முன்னே தெருமுனையில் தீப்பெட்டி ஆலை வேன் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் ஓடுவார்கள். பகல் முழுக்கக் கட்டை அடுக்க வேண்டும். இருட்டியபின் வேன் திரும்பக் கொண்டுவந்து விடும். வீட்டுக்கு வந்தும் பெட்டி ஒட்டுவாள். எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு ‘வண்டியில் போவது’ என்றால் அந்த வேன்தான். வேறு எங்கும் அவர்களை யாரும் வண்டி ஏற்றிக் கூட்டிப் போகவில்லை.

நாங்கள் சென்னையிலிருந்து வந்த மறுநாள் ராத்திரி, ஒட்டிக்கொண்டே மதினி கேட்டாள்: “கடல் எம்புட்டுப் பெருசுடே? நம்ம கம்மா மாதிரி சித்திரையில வத்திருமா?”

வத்தாது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. கண்மாய் விரிசல் விட்டுக் கிடக்கிற மாசத்தில், வற்றாத தண்ணீர் என்று ஒன்று இருப்பதை எங்கள் ஊரில் யாரும் சட்டென்று நம்பிவிட மாட்டார்கள்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. சிவகாசியைப் பற்றிச் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் 1990-இல் வந்தபோது உலகம் பார்த்த பிள்ளைகள் எங்கள் பக்கத்துத் தெருப் பிள்ளைகள்தான். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு புறப்பட்ட இடமே சிவகாசித் தீப்பெட்டி ஆலைகள். சட்டம், தீர்ப்பு, சிறப்புப் பள்ளிகள், சத்துணவு, ஊர்க்காரர்களின் சொரணை, எல்லாம் சேர்ந்துதான் விடியற்கால வேனிலிருந்து பிள்ளைகளை இறக்கின. இன்று அதே தெருவில் காலையில் ஹாரன் அடிப்பது பள்ளிக்கூட வேன். நாற்பது வருஷத்தில் நடந்த மாற்றங்களில் நான் முதலில் வைப்பது இதைத்தான். மெட்ரோ ரயிலெல்லாம் இதற்கு அப்புறம்.

போன தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகளில் வேலை ஓய்ந்திருந்த நாட்களில் மதினியைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளோடு அவள் பேத்தி, நாலு வயது. பேத்தியின் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. என் மகள் சென்னையில் இருக்கிறாள், அவளுக்குக் கைக்குழந்தை. ஆகப் பெண்கள் கூட்டம், நான் பை தூக்க.

சின்னப் பிள்ளையோடு வெளியே போவதில் எது கஷ்டம் என்று பயணக் கட்டுரைகளில் எழுத மாட்டார்கள். பால், மூத்திரம், தூக்கம், இந்த மூன்றும்தான். 1981-இல் என் தங்கைக்கு அவசரம் வந்தபோது அப்பா பட்ட பாடு எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் 350-க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகளைத் திறந்தார்கள். ஒரு கதவு, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. கிளாம்பாக்கத்தில் எங்களை அழைக்க வந்த மகள் அதில் போய் நிம்மதியாக உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு வந்தபோது, மதினி வெளியே நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எம்புள்ளைகளுக்கு பஸ்ஸுல முந்தானைய இழுத்து மூடிக்கிட்டே குடுத்தேன் தம்பி” என்றாள். மாநகர சாதாரண பஸ்ஸில் அவளிடம் காசு வாங்காமல் சீட்டுக் கொடுத்தார்கள். 2021 மே மாதத்திலிருந்து நடக்கிற ஏற்பாடுதான், எங்கள் ஊர் டவுன் பஸ்ஸிலும் அப்படித்தான். ஆனால் மெட்ராஸிலும் தனக்கு அது செல்லும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

வண்டலூர் 602 ஹெக்டேர். நாலு வயதுப் பிள்ளை நடந்து முடிக்கிற இடம் அல்ல. பேட்டரி வண்டியில் ஏறிவிடுவது நல்லது, செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறக்காமல் இருப்பது அதைவிட நல்லது. கிண்டியில் சிறுவர் பூங்காவை 2024-இல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே 1972-இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணை. கைக்குழந்தையும் நாலு வயதும் சேர்ந்து போகக் கிண்டிதான் சரி: இடம் சின்னது, நிழல் உண்டு. கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் கம்பியில் தொங்கிக்கொண்டு பறக்கிற ஜிப்லைன்கூட இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்குச் சந்தோஷம்.

எனக்கு மனசு கனக்கிற இடம் ஊருக்கு வெளியே இருக்கிற கேளிக்கைப் பூங்காக்கள். வாசலில் பிள்ளையின் உயரத்தை அளந்து சீட்டுப் போடுகிறார்கள். பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிற ஒரு குடும்பம் ஐந்து பேராக உள்ளே போனால் ஒரு வாரக் கூலிக்கு மேல் போய்விடும். ரயிலிலும், 2016 ஏப்ரலிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். அன்று வேலை பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்தது. இன்று அதே வீட்டுப் பிள்ளைகளைச் சீட்டு விலை வெளியே நிறுத்தி வைக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் ஊரே கொண்டாடப் பட்டாசு செய்து அனுப்புகிறவர்களின் பிள்ளைகளுக்கு நகரம் இலவசமாகத் தர வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

அதனால்தான் மெரினாவை விட்டுக்கொடுக்க மாட்டேன். சீட்டு இல்லை, உயர அளவு இல்லை. விடிவதற்குள் போய்விட வேண்டும். கிழக்குக் கடல், சூரியன் தண்ணீரிலிருந்தே வரும், மணலும் சுடாது. இவ்வளவு அகலமான மணல் எப்படி வந்தது என்பதற்கே ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் சுவரில் மோதித் தெற்குப் பக்கமே தேங்கியது. மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், காசிமேட்டுக் கரையைக் கடல் அரித்தது. நம் பிள்ளைகள் விளையாடுகிற மணல், வடசென்னைப் பிள்ளைகள் இழந்த கரை. இதையும் அவர்களுக்கு ஒருநாள் சொல்ல வேண்டும். இன்னொன்று: அங்கே அலை கரையிலிருந்து திரும்பும்போது காலடி மணலை இழுத்துக்கொண்டு போகும். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் எந்தப் பிள்ளையையும் விடக் கூடாது, கையைப் பிடித்திருந்தாலும்.

மதினி பேத்தியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடிக்கு அடி நின்று நின்று நடந்தாள். முதல் அலை பாதத்தில் பட்டதும் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். பேத்தியும் அப்படியே செய்து முகத்தைச் சுளித்தது. நான் 1981-இல் அவள் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அவளுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை.

“கேட்டிருப்பேன். கம்மாயத் தவிர வேறென்ன தெரியும் எனக்கு அப்ப? ராத்திரி பெட்டி ஒட்டணுமேன்னு இருக்கும்.”

அதற்கப்புறம் எம்.ஜி.ஆர். சமாதிக்குப் போனோம். அங்கே காதை வைத்தால் அவர் கைக்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கும் என்று சொல்வார்கள் இல்லையா, பேத்தி காதை வைத்துவிட்டுக் கேட்கிறது என்றது. மதினியும் வைத்தாள். கேட்கவில்லை என்றாள். நான் 1981-இல் வந்தபோது அவர் முதலமைச்சராக இருந்தார்.

ஊர் திரும்பியதும் விஷயம் தெருவில் பரவிவிட்டது. அடுத்த பயணத்துக்குப் பங்குனிப் பொங்கல் முடிந்த வாரம் என்று நாள் பேசியிருக்கிறார்கள். பெயர் எழுதுகிற பொறுப்பை மதினி எடுத்துக்கொண்டாள். கூட வேலைக்குப் போன பழைய சிநேகிதிகள் நாலைந்து பேர், அவர்களின் பேரன் பேத்திகள், லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிற மருமகள்கள். சென்னை ரொம்பத் தூரம், முதல் தடவைக்குத் தூத்துக்குடிக் கடல் போதும் என்று ஒரு கட்சி. கடலைப் பார்த்தால் மெட்ராஸ் கடலைத்தான் பார்ப்பேன் என்று அறுபது வயதைத் தாண்டிய ஒரு சிநேகிதி பிடிவாதமாக நிற்கிறாள். வேனில் பதினெட்டுப் பேர்தான் உட்காரலாம். நேற்று ராத்திரி வரை மதினியின் பட்டியலில் இருபத்து மூன்று பெயர்கள்.