வெள்ளைப் பட்டையின் முதன்மை: உடனடிப் படங்கள் குறித்து ஓர் ஆய்வு

உடனடிப் புகைப்படம் பற்றி எழுதியவர்கள் அனைவரும் படத்தைப் பற்றியே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். துறைக்கு இது பெருங்குறை. போலராய்டு, இன்ஸ்டாக்ஸ் என எந்தப் பெயரில் வந்தாலும், அந்த அட்டையின் அடியில் மற்ற மூன்று ஓரங்களையும்விட அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறது. குடும்ப வரலாற்றுக்கு ஆதாரம் அந்தப் பட்டையே; மேலே தெரியும் காது குத்தும் கல்யாணமும் அறுபதாம் கல்யாணமும் அதற்கு அமைந்த அலங்காரம். இதுவே இக்கட்டுரை நிறுவ வரும் கருத்து. நன்னூல் வகுத்த எழுவகை மதங்களில் பிறர் கொள்கையை மறுப்பதும் உண்டு, தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துவதும் உண்டு. இங்கே இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

வரலாற்று ஆசிரியர்கள் 1943இல், நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபே நகரில் தொடங்குவார்கள். விடுமுறைக்குப் போன இடத்தில், எடுத்த படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியாது என்று போலராய்டு நிறுவனர் எட்வின் லேண்டின் மூன்று வயது மகள் கேட்டாள், அந்தக் கேள்வியிலிருந்து கண்டுபிடிப்பு பிறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. குழந்தை மேல் குற்றமில்லை. கையில் வந்த படத்தில் பெயரை எங்கே எழுதுவது என்று அவள் அப்போதே கேட்டிருந்தால், பட்டைக்காக உலகம் அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்திராது. 1948 நவம்பரில் பாஸ்டன் நகரத்து ஜோர்டான் மார்ஷ் கடையில் 89.75 டாலருக்கு விற்பனையான முதல் லேண்ட் கேமராவின் படத்தில் இந்தப் பட்டை கிடையாது. எதிர்த்தாளிலிருந்து உரித்தெடுக்கும் காகிதப் படம் அது. எழுத வேண்டியதைப் பின்பக்கம் எழுதிக்கொண்டார்கள். 1972இல் போலராய்டின் எஸ்எக்ஸ்-70 கேமரா வந்த பிறகே இன்று நாம் அறிந்த வடிவம் அமைந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளைப் பட்டைக்கு முற்பட்ட காலம் என்று வரையறுத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

இனி பொறியியல் சான்று. பட்டைக்குள் ஒரு சிறு பை மறைந்திருக்கிறது. அதில் இருப்பது காரத்தன்மையுள்ள ரசாயனப் பசை. பொத்தானை அழுத்தியதும் கேமராவின் இரண்டு உருளைகளுக்கு நடுவே பிலிம் நசுங்கி வெளியே வரும்போது, அந்தப் பை உடைந்து பசை முழுப்படத்தின் மேலும் பரவுகிறது. போலராய்டில், படத்தின் வெண்மைக்குக் காரணமான டைட்டானியம் டையாக்சைடும் பசையில்தான் இருக்கிறது. உருவம் துலங்கும்வரை வெளிச்சத்தைத் தடுத்து நிற்கும் சாயமும் அதிலேயே இருக்கிறது. காரத்தன்மை குறையக் குறையச் சாயம் நிறமிழக்க, மூடுபனி விலகுவதுபோல் அத்தை, மாமா, கேக் எல்லாம் தெரியத் தொடங்குகின்றன. ஆய்வாளர் கவனிக்க வேண்டியது ஒன்று: பசை பின்னோக்கிப் பரவ வேண்டியிருப்பதால், பை உள்ள விளிம்பே உருளைகளுக்குள் முதலில் நுழைந்தாக வேண்டும். முன்னே பிறப்பது பட்டை. படம் பின்னே பிறக்கிறது. மூத்தது எது என்ற வழக்கு இவ்விடத்திலேயே தீர்ந்துபோகிறது. அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு படத்தை விசிறி போல் ஆட்டுவதால் ஒரு பயனும் இல்லை. மூடிய உறைக்குள் நடக்கும் வேதிவினைக்குக் காற்று எதற்கு? 2003இல் ஒரு பாட்டு அப்படி ஆட்டச் சொல்லிப் பரவியதும், ஆட்டாதீர்கள் என்று போலராய்டு நிறுவனமே மறு ஆண்டு அறிவுரை சொல்ல வேண்டிவந்தது.

அளவைச் சான்றும் நம் பக்கமே. இன்ஸ்டாக்ஸ் மினி அட்டை 86 மில்லிமீட்டர் நீளம், 54 அகலம். அதில் படம் 62க்கு 46. வகுத்துப் பார்த்தால் அட்டையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வெள்ளை. பிலிம் விலையை நினைத்தால் இதில் ஒரு நியாயம் புலப்படும்: இவ்வளவு காசு கொடுத்து வெறும் ஓரத்தை யாராவது வாங்குவார்களா? பின்பக்கத்திலும் இடமில்லை. அது கறுப்பு, சாதாரணப் பேனா அதில் தெரியாது. எழுத்து தங்கக்கூடிய இடம் பட்டை ஒன்றே.

அப்படி என்ன எழுதிவிடப்போகிறோம், முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்பார் கேட்கக்கூடும். தெரியாது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தைகளின் படங்கள் நான்கை வரிசையாக வைத்து, யார் மூத்தவன், யார் அவன் தங்கை, யார் சித்தப்பா மகன் என்று பெற்றவர்களையே கேட்டுப் பாருங்கள். அக்காள் போட்ட கவுனைத் தங்கையும் போட்டிருப்பாள் என்பதால் உடையும் சாட்சி சொல்லாது. மடியில் வைத்திருக்கும் தாய்மாமனோ எல்லாப் படத்திலும் ஒருவரே. உடனடிப் படத்துக்கு நெகட்டிவும் இல்லை, தேதி பதியும் கோப்பும் இல்லை, அடுத்த படத்தோடு ஒப்பிட்டு வரிசை கண்டுபிடிக்கவும் வழியில்லை. இந்த இடர் பழையது. நடுகற்களில் வில்லேந்திய வீரன் ஒருவனைப் போலவே இன்னொருவனும் நிற்பான். இன்னார், இன்ன ஊரில், இன்ன சண்டையில் பட்டார் என்று சொல்வது எழுத்து. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த மிகப் பழைய நடுகற்களில் உருவமே இல்லை, தமிழி எழுத்து மட்டும் இருக்கிறது. முதலில் எழுத்து, உருவம் பிற்காலச் சேர்க்கை. நம் கொள்கைக்கு ஈராயிரம் ஆண்டு முன்பே கல்லில் சான்று வெட்டி வைத்துவிட்டார்கள்.

இன்னொரு சான்றும் உண்டு. இக்கட்டுரையில் விளையாட்டுக்கு அப்பாற்பட்ட பகுதி இருக்குமானால் அது இதுதான். குடும்பப் படம் எதிலும் ஒருவர் இருக்கமாட்டார், கேமராவைப் பிடித்திருப்பவர். பல வீடுகளில் அது அம்மா. பிள்ளையின் முதல் நடை, முதல் பள்ளிநாள், மழையில் நனைந்து நின்ற மாலை என்று பெட்டி நிறையப் படம் இருக்கும்; அவர் ஒன்றிலும் இருக்கமாட்டார். அவருடைய சாயல் அந்த அட்டையில் ஓரிடத்தில்தான் விழுகிறது. சாய்வான எழுத்தும், கடைசிச் சுழியை நீட்டி விடும் பழக்கமும் பட்டையில் இருக்கின்றன. படம் எடுக்கப்பட்டவரைக் காட்டுகிறது, பட்டை எடுத்தவரைக் காட்டுகிறது. போலராய்டு நிறுவனம் வளர்ந்த அதே கேம்பிரிட்ஜ் நகரில், 20க்கு 24 அங்குலப் பிலிம் போடும் ராட்சதப் போலராய்டு கேமராவால் குடும்பங்களைப் படமெடுத்த எல்சா டார்ஃப்மன் இதை அறிந்திருந்தார். பெயரையும் தேதியையும் படத்தின் அடியில் தம் கையாலேயே மையால் எழுதிக் கொடுப்பார். குடும்பத்தினர் வேண்டாம் என்று விட்டுச்சென்ற படங்களைத் தாமே வைத்துக்கொண்டார். 2020இல் அவர் மறைந்தார்.

இனித் தடைகளுக்கு விடை. பசைப்பைக்கு இடம் வேண்டும் என்பதால் அமைந்த அகலம் அது, அதற்குப் பொருள் கற்பிப்பது வீண் என்பது முதல் தடை. அற்றன்று. பையும் பசையும் இல்லாத செல்பேசிச் செயலிகள்கூடப் படத்தின் அடியில் அகலமான வெள்ளைப் பட்டையை வரைந்து தருகின்றன. பிறந்தநாள் மண்டபங்களில் ஆளுயரத்துக்குத் தெர்மாகோலில் வெட்டி வைத்து, உள்ளே நின்று படமெடுத்துக்கொள்ளச் சொல்லும் சட்டத்தைப் பாருங்கள். நடுவில் ஓட்டை, அடியில் அகலமான பட்டை, பட்டையில் குழந்தையின் பெயர். படம் இருக்க வேண்டிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பட்டையை மட்டும் காப்பாற்றிய இந்த அலங்காரக்காரரைவிடச் சிறந்த கோட்பாட்டாளர் இத்துறையில் இல்லை. பட்டையை வெட்டிவிட்டால் படம் தனியே நிற்குமே என்பது அடுத்த தடை. நிற்காது, அடுக்குகளை மூடியிருக்கும் ஒட்டு கத்தரி பட்டதும் பிரிந்துவிடும். பெரும்பாலோர் பட்டையை வெறுமையாகவே விடுகிறார்களே என்பது மூன்றாவது. இதுவே வலுவான தடை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எடுத்த அன்று எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்கு மேல் அந்த வெறுமை எதையும் சொல்வதில்லை. முப்பது ஆண்டு கழித்து இது பெரியவனா சின்னவனா என்று எழும் குடும்பச் சண்டையை அதைச் சான்றாக வைத்துத் தீர்க்க முடியாது.

ஆகவே எழுதுவோருக்கு ஒரு குறிப்பு: பால்பாயிண்ட் பேனா பட்டையின் வழுவழுப்பில் வழுக்கும், ஜெல் பேனா கைபட்டு இழுகும். அழியாத மார்க்கரே ஏற்றது. எழுதியபின் காயவிடுங்கள். ஆண்டை நான்கு இலக்கத்திலும் எழுதுங்கள். தயவுசெய்து "பாப்பா" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். எல்லா வீட்டிலும் ஏற்கெனவே ஒரு பாப்பா இருந்தாள்.