நுரை விசாரம்

தேத்தண்ணியின் மகிமை அதன் நுரையில் இருக்கிறதா, கடுப்பில் இருக்கிறதா என்னும் பழைய வழக்கு, பேராக் தமிழ்க் குடும்பங்களின் அடுக்களையில் ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடியாகிய மாட்சா பிரவேசித்தது முதல் புதிய உக்கிரம் பெற்றிருப்பதால், அதனைச் சாஸ்திர ரீதியாக விசாரித்து முடிவு கூறுதல் அவசியமாகிறது.

முதலில் பூர்வபட்சம். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் தேத்தூளைக் கொதிக்கக் கொதிக்க இறக்கி, டின் பால் கலந்து குடித்து வளர்ந்து, தோட்டம் செம்பனையாகவும் தாமானாகவும் மாறியபின் ஈப்போவில் குடியேறிய பாட்டிமார், "தளதளன்னு கொதிக்காத தண்ணியில போட்டா அது தேத்தண்ணியா?" என்று கேட்கின்றனர். பாட்டி சொல் ஆப்த வாக்கியமாதலின் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், தேத்தூளில் சாற்றைக் குடித்துச் சக்கையை எறிகிறோம். மாட்சாவில் இலையையே விழுங்குகிறோம். நிழலில் வளர்த்துக் கல் இயந்திரத்தில் அரைத்த அப்பொடி, கொதிநீர் பட்டால் கசப்பைக் கக்கிவிடும். ஆகையால் எண்பது டிகிரியே உத்தமம்.

சீனத்துச் சோங் வம்சத்துச் சக்கரவர்த்தி ஹுய்சோங், 1107-ஆம் ஆண்டளவில் தேயிலையைப் பற்றித் தாமே ஒரு கிரந்தம் இயற்றி, பொடியில் ஏழு தரம் வெந்நீர் வார்த்து நுரையைத் திரட்டும் முறையை விஸ்தாரமாக வகுத்தார். அவரே 1127-இல் ஜுர்சென் படையிடம் சிறைப்பட்டார் என்பதை நுரை விரோதிகள் சுட்டிக்காட்டலாம். அது காகதாலீய நியாயம். நுரையைச் சீண்டாத அரசர்களும் தோற்றிருக்கிறார்கள்.

நுரை, விழுநுரை என்றும் கடைநுரை என்றும் இருவகைப்படும். ஈப்போ மாமாக் கடையில் தலைக்கு மேலிருந்து இடுப்பு வரை தே தாரிக்கை இழுத்து ஆற்றுவதில் பிறப்பது விழுநுரை. ஒரே மூங்கில் துண்டை நுண்ணிய ஈர்க்குகளாகப் பிளந்து செய்த சாசெனால் கிண்ணத்திலேயே எழுப்புவது கடைநுரை. இரண்டு கிராம் பொடியை வடிகட்டியில் சலித்து (சலிக்காவிடில் பச்சைக் கட்டிகள் மிதந்து வந்து வாயில் உடையும்), எழுபது மில்லி வெந்நீர் வார்த்து, தோளை அசைக்காமல் மணிக்கட்டால் மட்டும் முன்னும் பின்னும் விரைந்து அடிக்க வேண்டும். வட்டமாகச் சுழற்றினால் நுரை எழாது. மோர் கடையும் மத்து ஆகாதோ எனின், ஆகாது: சுழல்வதும் வெண்ணெய் திரட்டுவதுமே மத்தின் சுபாவம். பேத்திமார் கையிலுள்ள பேட்டரிக் கடைகோலும் சுழல்வதுதான். அதன் நுரையோ அமோகமாக இருக்கிறது. நம் சித்தாந்தத்துக்கு இது அசௌகரியமான திருஷ்டாந்தமாதலின், விதிவிலக்கு என்று கொள்க.

பொடியைக் குளிர்பெட்டியில் காற்றுப் புகாமல் வைத்தல் வேண்டும். மூடி சரியில்லாத டப்பாவை நெத்திலிப் பொட்டலத்தின் பக்கத்தில் வைத்தவர் அடைந்த அனுபவத்தை இங்கே வர்ணிப்பது சபைக்கு ஏற்காது.

இனி உபதின்பண்டம். ஜப்பானியர் முதலில் இனிப்பைத் தின்றுவிட்டுப் பின்னரே கிண்ணத்தை ஏந்துவர். ஈப்போவில் புந்தோங் முறுக்கும் கச்சாங் பூத்தேயும் கூடவே கொறிக்கப்படுகின்றன, இதில் தோஷமில்லை. முறுக்கை நனைக்கலாமா என்பதே சிக்கல். எண்ணெய் பட்ட மாத்திரத்தில் நுரை அடங்கிவிடுவது பிரத்தியட்சமாதலால், நனைக்கும் வழக்கமுடையோர் நுரையை முன்னதாகவே குடித்து முடிக்கக் கடவர்.