தரமும் தரப்பும்

சீனத் தொழிற்சாலைகள் இப்போது விலையில் அல்ல, தரத்தில் போட்டி போடுகினமாம். நெடுந்தீவான் போய்ப் பார்க்கவா முடியும்? சரக்கே குறிகட்டுவான் இறங்குதுறை கடந்து வரப் பார்த்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய, காற்று மின்சாரம் தர 2021 ஜனவரியில் சீனக் கம்பனிக்கு ஒப்புதல். இந்தியா முகம் சுளித்தது. டிசம்பரில், 'மூன்றாந் தரப்பின் பாதுகாப்புக் கவலை'யால் திட்டம் நிறுத்தப்பட்டது, கம்பனி மாலைதீவில் ஒப்பந்தம் போட்டுவிட்டது என்று சீனத் தூதரகம் அறிவித்தது. தரம் பார்க்கப் போன இடத்தில் தரப்பு வந்து குந்திக்கொண்டது. 2024 மார்ச்சில் அதே மூன்று தீவுகளின் மின்சாரத்துக்கு இந்திய நன்கொடை, 1.1 கோடி டொலர், ஒப்பந்தமானது. உப்புக்காற்றைச் சூரியப் பலகை தாங்குமோ என்று மட்டும் ஒருத்தரும் கேட்கேல்லை.

எங்கட வீட்டுச் சீன ரோச் லைற் இரண்டு தட்டுத் தட்டினால்தான் எரியும். அதுக்கு எந்த நாடும் ஆட்சேபிக்கேல்லை.