ஏழு வெள்ளைக் குதிரைகளும் ஒரு மட்டக்குதிரையும்

எண்பதுகளின் கடைசியில் எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் பெரியப்பா, "தம்பி என்ன பண்றீங்க?" என்றார். காட்டு விலங்குகளைப் படம் எடுக்கிறேன், குதிரைகளை வரைகிறேன் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு என் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "ஃபாரஸ்ட்ல இருக்கான்" என்று சொல்லிக் காப்பியை எடுத்துக்கொண்டார். ரேஞ்சரா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததால் அப்பா பொய் சொல்ல வேண்டியும் வரவில்லை. கல்யாணம் நடந்துவிட்டது.

இப்போது என் மைத்துனர் மகன், பெங்களூரில் ஐடி கம்பெனியில் இருப்பவன், இன்ஸ்டாகிராமில் தன் பெயருக்குக் கீழே 'காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞர்' என்று போட்டுக்கொண்டிருக்கிறான். அவனுடைய லென்ஸின் விலைக்கு அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ஒரு மனையே வாங்கியிருக்கலாம். அவனுக்குப் பெண் பார்த்த இடத்தில் இதைத்தான் முதலில் சொன்னார்களாம். சம்பளம் வாங்கும் வேலை இரண்டாவதாக வந்தது.

எங்கள் தொழிலுக்கு அன்றைக்கு இரண்டே பாராட்டுகள் இருந்தன. புகைப்படத்தைக் காட்டினால், "பெயிண்டிங் மாதிரியே இருக்கே!" ஓவியத்தைக் காட்டினால், "அப்படியே போட்டோ மாதிரி இருக்கே!" புகைப்படம் புகைப்படமாகவும் ஓவியம் ஓவியமாகவும் இருப்பதில் யாருக்கும் திருப்தி இல்லை. கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்த எனக்கு முதல் பாராட்டில் பெருமை, இரண்டாவதில் கூச்சம். இப்போது அந்தக் குழப்பம் தீர்ந்துவிட்டது. எதைக் காட்டினாலும் ஒரே கேள்விதான்: "ஏஐயா சார்?"

அன்றைக்கு மசினகுடி பஸ்ஸில் ஏறும்போது பையில் ஸ்லைடு ஃபிலிம் சுருள்கள் இருக்கும். ஒரு சுருளுக்கு 36 படம். ஃபிலிமின் வேகம் ஐஎஸ்ஓ 64. பிறகு 1990-ல் வெல்வியா என்ற ஃபிலிம் வந்தது. பச்சையை அள்ளிக் கொட்டும், வேகமோ 50-க்கு இறங்கிவிட்டது. யானை நல்ல வெளிச்சத்தில் வராது. நல்ல வெளிச்சம் இருக்கும் நேரத்தில் எதுவுமே வராது. அந்தி மங்கலில் மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு அது வரும்போது, முப்பதில் ஒரு செகண்டு ஷட்டரைத் திறந்து வைத்து மூச்சை அடக்க வேண்டும். நாம் அடக்குவோம், யானை அடக்காது. தும்பிக்கை கலங்கிப்போன அந்தப் படத்தை ஒரு பத்திரிகை ஆசிரியர் 'அசைவின் அழகு' என்று குறிப்பெழுதி அச்சிட்டார். சுருள் கழுவி வரும்வரை என்ன எடுத்தோம் என்று தெரியாது. என் வாழ்க்கையின் மிகச் சிறந்த படங்கள் அந்த இடைப்பட்ட நாட்களில் எடுக்கப்பட்டவையே. தபால் வந்ததும் காணாமல் போய்விடும்.

எங்களுக்கெல்லாம் மூத்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் உறுப்புகளைக் கோத்துத் தானே ஒரு கேமராவை உண்டாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தவர். கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். கட்டுரைகளுக்கான கோட்டுச் சித்திரங்களையும் தானே போட்டுக்கொண்டார். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய பத்தியை 1996-ல் இறக்கும்வரை எழுதினார். மைத்துனர் மகனுக்கு இதையெல்லாம் விரிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த கேமரால செகண்டுக்கு எத்தனை ஃபிரேம் மாமா?" என்றான்.

அவன் கேமராவில் முப்பது. விலங்கு எங்கே இருந்தாலும் கண்ணைத் தேடிப் பிடித்து அதன்மேல் ஒரு சிறு கட்டத்தை ஒட்டிவிடுகிறது. 2022-ல் வந்த கேனான் ஆர்6 மார்க் 2, நாய், பூனை, பறவையோடு குதிரையையும் அடையாளம் காணக் கற்றுக்கொண்டு வந்தது. குதிரையின் கண் தலையின் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறது, பாப்பா எப்படிக் கிடைமட்டமாக நீண்டு கிடக்கிறது, இமைக்கு மேல் உள்ள குழி வயதானால் எப்படி ஆழமாகிறது என்றெல்லாம் தெரிந்துகொள்ள நான் லாயங்களில் இளமையைச் செலவழித்தவன். அதற்கு ஒரு சில்லு போதும் என்று தெரிந்திருந்தால் வங்கித் தேர்வு எழுதியிருப்பேன். இன்னொரு வசதியும் உண்டு. பொத்தானை முழுதாக அழுத்துவதற்குச் சற்று முன்பு நடந்ததையும் சில கேமராக்கள் சேமித்துவிடுகின்றன. என் முடிவுக்காக அவை காத்திருப்பதில்லை. எங்கள் வீட்டில் ஏற்கெனவே இந்த ஏற்பாடுதான் என்பதால் எனக்கு அதிர்ச்சியாக இல்லை.

உண்மையில் கேமராவுக்குப் பின்னால் ஆளே வேண்டாம் என்பது பழைய யோசனை. வட இந்தியாவில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், 1920-களிலேயே காட்டுப் பாதையின் குறுக்கே கம்பி கட்டி, புலி அதில் இடறினால் விளக்கு மின்னிப் படம் விழும்படி செய்தார். 1927-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். புலி செல்ஃபி எடுக்கத் தொடங்கி நூறு வருஷமாகிறது. 2018-ல் நடந்த அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டினார்கள். விழுந்த படங்கள் மூன்று கோடியே நாற்பத்தெட்டு லட்சத்துக்கு மேல். அவற்றில் புலிப் படங்கள் மட்டும் 76,651. அந்தக் கணக்கெடுப்பு கின்னஸிலும் ஏறியது. புலிக்கு இது நல்லது, அறிவியலுக்கும் நல்லது. மழையில் மரத்தோடு மரமாக நின்று, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, ஒரு வாலின் நுனியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிய ஆளுக்குத்தான் இதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

காடு இப்படி ஆனபோது, குதிரை இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தேன்.

கிண்டி பந்தய மைதானத்தில் விடியற்காலைப் பயிற்சியை வேலி ஓரம் நின்று வரைவது என் வழக்கமாக இருந்தது. பனிமூட்டத்தில் முதலில் மூச்சுச் சத்தம் வரும், பிறகு குளம்புச் சத்தம், கடைசியில்தான் குதிரை. அங்கே வந்தவர்கள் யாரும் ஓவியம் பார்க்க வந்தவர்கள் இல்லை. நான் எந்தக் குதிரையை வரைகிறேன் என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஏதோ உள்தகவல் என்று நினைத்து அதன்மேல் பணம் கட்டியவர் ஒருவர் உண்டு. அடுத்த வாரம் வந்து, "உங்க கை ராசியில்ல சார்" என்று நேராகவே சொன்னார். என் ஓவியத்தை நம்பிச் சொந்தக் காசைப் போட்ட முதல் ஆள் அவர்தான்.

பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நடந்து நடந்து, 1996-ல் உச்ச நீதிமன்றம் இது வெறும் அதிர்ஷ்டம் இல்லை, திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. (தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவருக்கு அந்தத் தீர்ப்பு போய்ச் சேர்ந்ததா தெரியாது.) பிறகு 2024-ல் குத்தகைப் பாக்கி விவகாரத்தில் ஜூனில் ஊட்டி மைதானத்தையும் செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கரையும் அரசு கையகப்படுத்தியது. கிண்டியில் வெள்ளநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டினார்கள், பூங்கா வரும் என்கிறார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் தேசியப் பூங்காவில் வெளிமான் இருக்கிறது, குளம் வந்தால் நீர்க்காகம் வரும், கொக்கு வரும். எனக்குள் இருக்கும் குதிரை ஓவியனின் பிழைப்பைப் பிடுங்கி, எனக்குள் இருக்கும் காட்டுயிர்ப் புகைப்படக்காரனிடம் கொடுத்திருக்கிறார்கள். ஊருக்கு லாபம்தான். இரண்டு பேருக்கும் ஒரே வங்கிக் கணக்கு என்பதால் எனக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை.

குதிரையை வரைபவனுக்கு அடிப்படைத் தகராறு கால்களில்தான். நாலுகால் பாய்ச்சலில் குதிரை எந்தக் காலை எங்கே வைக்கிறது என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பல காலம் ஓவியர்கள் முன்கால் இரண்டையும் முன்னே, பின்கால் இரண்டையும் பின்னே நீட்டிக் குதிரையை அந்தரத்தில் பறக்கவிட்டார்கள். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-ல் வரைந்த எப்சம் பந்தயத்தில் எல்லாக் குதிரைகளும் அப்படித்தான் பறக்கின்றன. பிறகு 1878-ல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடுபாதை ஓரம் கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைத் துண்டு துண்டாகப் பிடித்தார். நான்கு காலும் தரையை விட்டு எழும் கணம் உண்மையிலேயே உண்டு. ஆனால் அப்போது கால்கள் நீண்டிருப்பதில்லை, வயிற்றுக்குக் கீழே மடங்கிச் சேர்ந்திருக்கின்றன. காலங்காலமாக வரைந்ததெல்லாம் தப்பு என்று ஒரு புகைப்படக்காரர் நிரூபித்துவிட்டார். என் இரண்டு தொழில்களும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட நாள் அது.

மைபிரிட்ஜின் வெற்றி எங்கள் பக்கத்து வரவேற்பறைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இன்று குதிரை ஓவியத்துக்கு இருக்கும் உறுதியான சந்தை, வாஸ்துவுக்கு மாட்டும் ஏழு வெள்ளைக் குதிரைகள். நல்ல உடற்கூற்றோடு, சரியான கணத்தைப் பிடித்து முதல் முறை ஏழையும் வரைந்து கொடுத்தபோது வாடிக்கையாளர் வெகுநேரம் பார்த்தார். "மூணாவது குதிரை கால் மடங்கியிருக்கே சார். விழுந்துடும் போல இருக்கு. பிசினஸ் பண்ற வீடு." மடங்கிய காலை நீட்டினேன். குதிரைகள் வாசலைப் பார்த்து ஓடக்கூடாது, செல்வம் வெளியே போய்விடும். வீட்டுக்குள் பார்த்து ஓட வேண்டும். கடிவாளம் கூடாது. ஆறு கூடாது, எட்டு கூடாது. கொட்டகைகளுக்கு சினிமா பேனர் வரைந்து, பிறகு குதிரைகளால் உலகப் புகழ் பெற்ற எம். எஃப். ஹுசேனிடம், உங்கள் குதிரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று யாராவது அளவு நாடாவோடு கேட்டிருப்பார்களா என்று அவ்வப்போது யோசிப்பேன். கேட்டிருந்தால் அவர் விலையை ஏற்றியிருப்பார். எனக்கு அந்த அறிவு தாமதமாகத்தான் வந்தது.

அந்தியூர் வேறு மாதிரி. ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்குக் காதுநுனி இரண்டும் வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரியும் கத்தியவாரியும் நாட்டுக்குதிரைகளும் வரும். அங்கே குதிரைக்குச் சுழி பார்ப்பார்கள். நெற்றியில், கழுத்தில், மார்பில் மயிர் எங்கே சுழித்திருக்கிறது என்பதில் வாங்குகிறவரின் குடும்பமே இருக்கிறது. அன்றைக்கு ஒரு உரிமையாளர் தன் குதிரையை வரையச் சொல்லிவிட்டுக் காதருகே வந்து, "அந்தக் கழுத்துச் சுழி மட்டும் வேணாம்ணே" என்றார். கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் போட்டோவில் மச்சத்தை மறைக்கச் சொல்வது போலத்தான். இப்போது அவர் மகன் வருகிறான், கையில் போன். குதிரையைப் பாட்டுக்கு ஆடவிட்டு ரீல்ஸ் போடுகிறான். சுழியை ஃபில்டர் பார்த்துக்கொள்கிறது. என்னிடம், "உக்காருங்கண்ணே, டீ சாப்பிடுங்க" என்று மரியாதையாகச் சொல்கிறான். வரையச் சொல்வதில்லை.

கோடிக்கரைக் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வெளிமானுக்காக 1967-ல் சரணாலயமாக்கிய இடம். வேதாரண்யத்துக்குத் தெற்கே உப்புச் சதுப்பும் புல்வெளியுமாகக் கிடக்கும் அங்கே, எப்போதோ மனிதர்களிடமிருந்து விலகிப்போன மட்டக்குதிரைகள் மந்தை மந்தையாகத் திரிகின்றன. லாயம் இல்லை, லாடம் இல்லை, எஜமானன் இல்லை. காட்டுயிரும் குதிரையும் ஒரே உடம்பில்! எனக்காகவே உண்டானதுபோல இருந்தது. ஆனால் வனவியல் அறிஞர்களுக்கு அவற்றின்மேல் கோபம்: வெளிமானின் புல்லைத் தின்கின்றன, சீமைக் கருவேலக் காயைத் தின்று சாணியில் விதையைப் பரப்புகின்றன. நியாயமான கோபம்தான், வெளிமான் போவதற்கு வேறு இடம் கிடையாது. நான் எடுத்த படத்தை, முழங்கால் ஆழத் தண்ணீரில் பிடரி நனைந்து நிற்கும் ஒரு மட்டக்குதிரையை, இயற்கைப் புகைப்படப் போட்டிக்கு அனுப்பினேன். வளர்ப்பு விலங்குகளும் வளர்ப்பிலிருந்து காட்டுக்குப் போனவையும் தகுதியற்றவை என்று விதி இருக்கிறதாம். படம் திரும்பி வந்தது. அதையே பெரிய ஓவியமாகத் தீட்டிக் கண்காட்சிக்குக் கொடுத்தேன். "குதிரைன்னா கொஞ்சம் கம்பீரமா இருக்கணுமே" என்றார்கள். அதுவும் திரும்பி வந்தது. இரண்டும் இப்போது என் அறையில் எதிரெதிர்ச் சுவரில் இருக்கின்றன.

நிரூபிப்பதுதான் இப்போது முழுநேர வேலை. புகைப்படம் அனுப்பினால், கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பு எங்கே என்று கேட்கிறார்கள். ஓவியம் விற்றால், வரையும்போது எடுத்த வீடியோ வேண்டும். அதனால் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் கேமராவை நிறுத்திவிட்டுத்தான் தூரிகையைத் தொடுகிறேன். அந்தக் கேமராவின் கட்டம் திரையில் வரும் குதிரையின் கண்ணில் போய் ஒட்டிக்கொள்கிறது. என்னைக் கண்டுகொள்வதில்லை. ஆனாலும் கணக்குப் பார்த்தால் இன்றைக்கு நான் அதிகமாகப் படம் எடுக்கும் விலங்கு நான்தான்.

போன மாதம் திருப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். புது வீடு, ஏழு குதிரை. அறையைச் சுற்றிப் பார்த்தவர் மட்டக்குதிரையின் முன்னால் நின்றுவிட்டார். "இது எந்த ஊர்க் குதிரை சார்?" சொன்னேன். "யாரோடது?" யாருடையதும் இல்லை என்றேன். அது அவருக்கு ஏனோ மிகவும் பிடித்துவிட்டது. "இதையே ஏழாக்கித் தர முடியுமா? வெள்ளையா, கொஞ்சம் உசரமா, தண்ணியில்லாம, ஓடுற மாதிரி?"

ஆறு அப்படி இருக்கட்டும், ஒன்றை மட்டும் உள்ளபடியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வாஸ்துக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் பதில் சொல்லவில்லை. முன்பணம் மட்டும் அன்று சாயங்காலமே ஜிபேயில் வந்துவிட்டது.