காப்பிக்கடையில ஒரு கூத்து

வா கண்ணு, உக்காரு. சனிக்கிழமை சாயங்காலம் உன் கடையில நாட்டுப்புறப் பாட்டுன்னு வாசல்ல பேனர் கட்டியிருந்தியே, நானும் வந்திருந்தேன். நீ பாக்கல. கடைசி மேசை, தூணுக்குப் பின்னால. நூத்தி எண்பது ரூவா குடுத்து ஒரு காப்பி வாங்கி, எட்டு மணி வரைக்கும் அதையே நக்கிக்கிட்டு இருந்தேன். இந்த மலையில, மஞ்சக்குட்டையில, அம்பது வருசம் காப்பிப்பழம் பறிச்ச கை இது. பறிச்ச பழத்தை நானே காசு குடுத்துக் குடிச்சது அன்னைக்குத்தான் மொதத் தடவை. ருசி பரவாயில்ல.

குத்தம் சொல்ல வரல. அடுத்த மாசமும் வெக்கப் போறியாமே. அதான், கேக்காமலே நாலு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்.

அந்தப் பறைக்காரப் பசங்க நாலு மணிக்கே வந்துட்டாங்க. ஆறு மணிக்கு மூட்டம் எறங்குச்சு. மூட்டம் எறங்குனா மடிச்சு வெச்ச கம்பளியே ஈரமாவுது, மாட்டுத்தோலு என்ன பாடு படும்? தொஞ்சு போச்சு. வேப்பங்கட்டையில இழுத்துக் கட்டின தோலு கண்ணு அது, சூடு காட்டினாத்தான் பேசும். நெருப்பு மூட்ட எடம் கேட்டாங்க. உன் மேனேஜர் தம்பி கூரையில வட்டமா ஒட்டியிருக்கிறதைக் காட்டினாரு. பொகை பட்டா அலறுமாம். அலறட்டுமே, அதுவும் ஒரு வாத்தியம்தானே! கடைசியில ஒரு டூரிஸ்ட் பொண்ணு மனசு எரங்கி, தலைமுடி காயவைக்கிற மெசினை எடுத்துக் குடுத்துச்சு. அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒருத்தன் பறைக்கு அலங்காரம் பண்ணின கோலம் சாகுற வரைக்கும் எனக்கு மறக்காது. காஞ்சுதாங்கற? 'தொப்பு தொப்பு'ன்னுச்சு. நீ மைக்கைக் கூட்டினே. தொப்பு பெரிய தொப்பாச்சு.

மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு, பறை அடிச்சதுக்காக, 2025-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. டெல்லி வரைக்கும் போயிடுச்சு பறை. உன் கடையில அந்தப் பசங்களுக்குச் சமையக்கட்டுக்குப் பின்னால, பேப்பர் கப்புல காப்பி. உள்ள எடம் இல்லேன்ன. சொவத்துல அழகுக்கு ஒரு பறை மாட்டி, அதுக்கு மேல ரெண்டு வெளக்கு போட்டிருக்கியே, அதுக்கு மட்டும் எடம் இருக்கு. எங்க காலத்துல பறையையும் உள்ள விடமாட்டாங்க, அடிக்கிறவனையும் விடமாட்டாங்க. இப்போ பாதி திருந்தியிருக்கோம்.

அப்பறம் அந்தம்மா ஒப்பாரி எடுத்துச்சே. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு, செத்த புருசனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எழுப்புது. எங்க ஊர்ல ஒப்பாரி எடுத்தா நாலு பொம்பளைங்க கட்டிப் பிடிச்சுச் சேந்து அழுவாங்க. உன் ஆளுங்க கேக்கைத் தின்னுக்கிட்டே கை தட்டினாங்க. மொத மேசையில ஒருத்தரு 'ஒன்ஸ் மோர்'னாரு. அந்த மனுசனை ரெண்டாந்தரம் சாகச் சொல்றாரு, பாவம்.

தெருக்கூத்துக்கு நாப்பது நிமிசம் ஒதுக்கினது ரொம்பப் பெரிய மனசு. ராத்திரி ஆரம்பிச்சு விடிய விடிய நடக்குற சங்கதி அது. கட்டியக்காரன் வந்து ஊரை நலம் விசாரிக்கவே நாப்பது நிமிசம் ஆவும். பாஞ்சாலி சேலையில துச்சாதனன் கை வெக்கிறதுக்குள்ள மேசைக்கு மேசை பில்லு வந்துடுச்சு. நடுவுல கட்டியக்காரன் உன் காப்பி வெலையைக் கிண்டல் பண்ணினான் பாரு, உன் மொகம் கருத்துடுச்சு. ஊர்க்கவுண்டரையே எதுக்க நிக்கவெச்சுக் கேலி பண்ற வாய் கண்ணு அது. அதுக்குத்தான் அவனைக் கூப்பிடறதே. அடுத்த தடவை அவன் கிண்டல் பண்ணினா நீயும் சிரி, வெலையையும் கொறை.

சேலத்துல காலேஜ் படிக்கிற என் பேரன் ஒரு கதை சொன்னான். நியூயார்க்குல கிரீனிச் வில்லேஜ்னு ஒரு பேட்டையாம். 1960 வாக்குல அங்க காப்பிக்கடைக்குக் காப்பிக்கடை பாட்டாம். கேஸ்லைட்னு ஒண்ணு, தரைக்குக் கீழ. கை தட்டினா மேல் வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்கன்னு வெரலைச் சொடுக்கியே பாராட்டுவாங்களாம். சில கடைகள்ல பாடறவங்களுக்குச் சம்பளம் கெடையாது, கூடையைச் சுத்தி விடுவாங்க, விழுந்தது அவங்களுக்கு. 1961-ல அந்தப் பேட்டைக்கு வந்து கிடார் தட்டின பாப் டிலன்தான் 2016-ல நோபல் பரிசு வாங்கினாராம். நம்ம கூத்துலயும் அதேதான். அம்பது ரூவா குடுத்தவன் பேரை நடு ராத்திரியில மைக்குல சொல்லுவாங்க, அந்த அம்பது ரூவாயில அவனுக்கு ஒரு வருசத்துப் பெருமை. நீ கூடையும் விடல, பேரும் சொல்லல. எல்லாத்தையும் பில்லுல சேத்துட்டே.

அதுக்காகக் காப்பிக்கடைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குற ஆளு நானில்ல. காப்பியே நம்மளது இல்லையே! 1820-கள்ல சேலத்துக்குக் கலெக்டரா இருந்த காக்பர்ன் தொரை இந்த மலைக்குக் கொண்டாந்து வெச்சது. அதுக்கு நெழல் குடுக்குற சில்வர் ஓக்கு ஆஸ்திரேலியாக்காரன். எல்லாம் வந்து வேர் விட்ட மலைதான். உன் பாட்டுக் கச்சேரியும் விடட்டும்.

ஆனா ஒண்ணு. மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கியா? மேளம் கெளம்பினா அங்க நாக்காலியைத் தேடுறவன் கெடையாது. பாத்துக்கிட்டு இருந்தவன் ஆடுவான், ஆடினவன் ஓரமா நின்னு பாப்பான். உன் கடை சன்னலுக்கு எதுத்தாப்புல இருக்கே தோட்டம், நவம்பர்லருந்து சனவரி வரைக்கும் அதுல பழம் பறிக்கிற பொம்பளைங்க ஒரு நெரையில பாட்டை எடுத்தா அடுத்த நெரையிலருந்து பதில் வரும். நீ கண்ணாடிக் கதவைச் சாத்திட்டு, அதே மாதிரிப் பாட்டுக்கு வெளியூர்லருந்து ஆள் வரவழைக்கிற. அவங்களை ஒரு நாள் உள்ள கூப்பிடு, டிக்கெட் கேக்காத. பாட்டு பாதியில நின்னாக்கூட அவங்க எடுத்துக் குடுப்பாங்க.

பறைக்காரங்களுக்கு வாசல்ல ஓரமா ஒரு எடம் விடு, நெருப்பு மூட்டிக்கட்டும். வைக்கோலுக்கு இங்க அலையாத, இந்த மூட்டத்துல எதுவும் காயாது. சேலத்துலருந்து உனக்குப் பால் வண்டி வருதே, அதுல ரெண்டு கட்டு ஏத்தி விடச் சொல்லு. இருபது கொண்டை ஊசி ஏறி வரணும், மேல தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லு. நனைஞ்சிடப் போவுது.